அமிர்தவல்லிக்குக் கை ஏறவில்லை

இப்படி உட்காருங்க சார். பையை மடியில வெச்சுக்குங்க, இல்ல சீட்டுக்கு அடியில தள்ளுங்க. மேல கம்பியைப் பிடிக்கப் போனப்போ முகம் சுண்டிப் போச்சே, பார்த்தேன். வலது தோளா? எத்தனை மாசமா? நாலு மாசம். ம். உங்களுக்கு நிஜமாவே வலிக்குது சார். எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். நான் ரிட்டயர்டு ஆர்.ஐ. வருவாய் ஆய்வாளர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். யாருக்கு வலிக்குது, யாரு வலிக்கிற மாதிரி நடிக்கிறான்னு கண்டுபிடிக்கிறதுதான் அதுல பாதி வேலை.

முதியோர் பென்ஷன், ஊனமுற்றோர் பென்ஷன்னு மனு வரும் பாருங்க. ஒருத்தன் காலை இழுத்துக்கிட்டு வருவான். உட்காருன்னு சொல்ல மாட்டேன். ஊர்க்கதை பேசிக்கிட்டே இருப்பேன். பத்து நிமிஷத்துல காலை மாத்தி இழுப்பான். போடா வெளியன்னுடுவேன். என் பிர்க்காவுல, என் பொறுப்புல இருந்த அத்தனை கிராமத்துலயும், பொய் மனு ஒண்ணுகூடத் தாண்டினதில்ல. உண்மை மனுவும் சிலது நின்னிருக்கும். அதுக்கு நான் என்ன பண்றது?

பட்டுக்கோட்டையில ஏறினேன். ஒரத்தநாடு போறேன், மச்சினிச்சி வீட்டுக்கு. என் சம்சாரம் அங்க போய் உட்கார்ந்திருக்கா, இன்னியோட இருபத்திமூணு நாள். கூட்டிட்டு வரத்தான் போறேன். கெஞ்சிக் கூத்தாடியெல்லாம் இல்ல. வா, ஏறு பஸ்ஸுலன்னு ஒரு வார்த்தை. வராட்டி என்ன பண்றதுன்னு நான் யோசிக்கல. அதுக்கு அவசியம் வராது.

எல்லாம் இந்தத் தோளால வந்தது சார். உங்களுக்கு இருக்கே, அதேதான். ஆனா அவ அதை வெச்சுப் பண்ணின கூத்து இருக்கே, அதை நீங்க பண்ணியிருக்க மாட்டீங்க.

போன ஐப்பசியில ஆரம்பிச்சா. மாடியில துணி காயப் போட்டுட்டு இறங்கி வந்து, "கை ஏற மாட்டேங்குதுங்க"ன்னா. கொடிக்கயிறை இறக்கிக் கட்டிக்கன்னு சொன்னேன். வழி சொல்லிட்டேன்ல? அதோட விட வேண்டியதுதானே? அடுத்த வாரம் தலைக்குப் பின்னால போகலன்னா. அப்புறம் முதுகுப் பக்கம் போகலன்னா. அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலன்னு முனகல் வேற. எனக்குச் சர்க்கரை சார். தூக்கம் கெட்டா காலைல ஏறி நிக்கும். அவளுக்கும் சர்க்கரைதான், இல்லன்னு சொல்லல. ஆனா என்னைவிடக் கம்மி.

அப்புறம் பார்த்தா சமையல்கட்டுல சாமானெல்லாம் ஒவ்வொண்ணாக் கீழ இறங்குது. மேல் தட்டுல இருந்த காபித்தூள் டப்பா அடுப்பு மேடைக்கு வந்துடுச்சு. பருப்பு டப்பா தரைக்கு வந்துடுச்சு. வீடு கட்டினதுலேருந்து அதது இருந்த இடம் சார். நான் ஒரு டெஸ்ட் வெச்சேன். காபித்தூளை எடுத்து மறுபடி மேல் தட்டுலயே வெச்சுட்டு, ஹால்ல நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துட்டேன். காலைல அவசரத்துல மறந்து போய் வலது கையைத் தூக்குவா, கையும் களவுமாப் பிடிச்சுடலாம்னு. தூக்கினாளா? முக்காலியை இழுத்துப் போட்டு, அதுல ஏறி, இடது கையால எடுக்கிறா. ஒன்பது நாள் வெச்சேன். ஒன்பது நாளும் முக்காலி. எவ்வளவு உஷார் பாருங்க!

சரி, நானும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. வைரக்கண்ணுன்னு ஒரு ஆளு, பழைய தலையாரி, என்கிட்ட வேலை பார்த்தவன். சுளுக்கு எடுப்பான். அவன்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஜன்னல் ஓரம் வேணுமா சார்? வேண்டாமா, சரி. வெளக்கெண்ணெயைத் தடவி நீவி விட்டுட்டு, மணிக்கட்டைப் பிடிச்சு மேல ஒரே இழுப்பு இழுத்தான். அவ போட்டா பாருங்க ஒரு சத்தம். தெருவே எட்டிப் பார்க்குது. ஆர்.ஐ. வீட்டம்மா வாசல்ல உட்கார்ந்து அலறினா எனக்கு எப்படி இருக்கும்? வைரக்கண்ணு கையை விட்டுட்டான். "அய்யா, இது சுளுக்கு இல்லீங்க. உள்ளாற இறுகிக் கெடக்குது. இழுக்கப் படாதுங்க, தப்புப் பண்ணிட்டேன்"னு கும்பிடுறான். அவ ஒரு சத்தம் போட்டதும் வைத்தியமே மாறிப் போச்சு. அதுக்கப்புறம் பாதி ஏறிக்கிட்டிருந்த கையும் ஏறலன்னுட்டா. பழி என் தலையில.

மார்கழியில அவளா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கா. என்னைக் கேக்கல. ரெண்டாவது தடவை நானும் போனேன், என்னதான் சொல்றாங்கன்னு விசாரிக்க. டாக்டரே இல்ல சார், பிசியோதெரபியாம். ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு, இருபத்திநாலு வயசு இருக்கும். அது எனக்குப் பாடம் எடுக்குது. தோள் மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்காம், அது தடிச்சுச் சுருங்கிப் போச்சாம். சர்க்கரை உள்ளவங்களுக்கு நிறைய வருமாம். முதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் தானாத் தளருமாம். வலிக்குதேன்னு கையை ஆட்டாம வெச்சா இன்னும் இறுகுமாம், யாராவது பிடிச்சு வெடுக்குன்னு இழுத்தாலும் கெட்டுடுமாம். இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்குது.

எத்தனை நாள்ல சரியாகும்னு கேட்டேன். "ஒரு வருஷம் ஆகலாம் சார், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். ஆனா பெரும்பாலும் சரியாயிடும்"ங்குது. ஆகலாம், ஆகலாம். ஃபைல்ல நான் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தா தாசில்தார் மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பார். எழுந்திருக்கும்போது அந்தப் பொண்ணு சொல்லுது, "சார், அவங்களுக்குப் பின்பக்க ஜாக்கெட் ஹூக் மாட்ட, தலை பின்ன எல்லாம் கை போகாது. வீட்டுல நீங்கதான் கொஞ்சம் பார்த்துக்கணும்." யாரைப் பார்த்து என்ன பேசுறதுன்னு ஒரு இங்கிதம் வேண்டாமா? நான் விறுவிறுன்னு வெளிய வந்துட்டேன்.

உங்களுக்கு யாரு சார் சட்டை மாட்டி விடறது? சம்சாரமா? ம். அதான் முறை. வலிக்கிற கையை முதல்ல நுழைச்சுட்டு அப்புறம் நல்ல கையை நுழைக்கச் சொல்லுங்க. கழட்டும்போது நல்ல கையை முதல்ல. அது தெரியாமத்தான் பாதிப் பேரு கத்துறாங்க.

அப்புறம் வீட்டுல ஆரம்பிச்சது சார் சர்க்கஸ். வெந்நீர்ல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு பத்து நிமிஷம் தோள்ல ஒத்தடம். அப்புறம் சாப்பாட்டு மேசையில இடது கையை ஊணிக் குனிஞ்சுக்கிட்டு, வலது கையைத் தொங்கப் போட்டு, கடியாரப் பெண்டுலம் மாதிரி முன்னயும் பின்னயும் ஆட்டுறது, அப்புறம் வட்டமா. கொஞ்ச நாள் கழிச்சு அரை லிட்டர் தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அதையே. அது முடிஞ்சா மல்லாக்கப் படுத்து என் குடையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நல்ல கை பலத்துல நோகிற கையைத் தூக்குறது. என் குடை சார். அப்புறம் முதுகுக்குப் பின்னால துண்டு. மேலருந்து இடது கை இழுக்கும், கீழருந்து வலது கை போகும். வலி தொடங்குற இடம் வரைக்கும்தான், அதுக்கு மேல முறுக்கக் கூடாது. காலைல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நான் எதையும் கவனிக்கிறதில்ல. கண்ணு முன்னாடி நடந்தா என்ன பண்றது?

இதுல உச்சம் சுவர்தான். பொங்கலுக்குத்தான் சார் ஹால்ல கிரீம் கலர் பெயிண்ட் அடிச்சேன். அந்தச் சுவரைப் பார்த்து நின்னுக்கிட்டு, விரலாலயே அடி மேல அடி வெச்சு மேல ஏத்துறா. எது வரைக்கும் ஏறுதோ அங்க பென்சிலால ஒரு கோடு, பக்கத்துல தேதி. தை ஒண்ணாம் வாரம் கோடு அவ நெஞ்சு உசரத்துல இருந்துச்சு. மாசி பொறக்கும்போது முகவாய்க்கட்டை. ஒரு விரல்கடை ஏறினா முகத்துல அப்படி ஒரு பூரிப்பு, என்னமோ மலை ஏறிட்ட மாதிரி. வீட்டுக்கு யாராவது போன் பண்ணி அமிர்தம் என்ன பண்றான்னு கேட்டா, பல்லியா மாறிட்டா, சுவர்ல ஏறிக்கிட்டிருக்கான்னு சொல்வேன். எல்லாரும் சிரிப்பாங்க. அவளும் ஒரு தடவை சிரிச்சா. அப்புறம் சிரிக்கிறதில்ல.

அவ பேரு அமிர்தவல்லி. சொல்லலயே நான்.

பக்கத்து வீட்டுல ஆயிஷா பீவின்னு ஒரு அம்மா. அவங்கதான் காலைல வந்து ஜாக்கெட் ஹூக்கு மாட்டி, தலையும் பின்னி விட்டுட்டுப் போவாங்க. நான் பேப்பரை முகத்துக்கு நேராப் பிடிச்சுக்குவேன். மாசிக் கடைசியில அந்தம்மா மகள் பிரசவத்துக்கு மலேசியா கிளம்பிப் போயிட்டாங்க. ரெண்டு நாள் இவ நைட்டியோடவே நடமாடினா. வாசல்ல போஸ்ட்மேன் நிக்கிறான், இவ நைட்டியில போய்க் கையெழுத்துப் போடுறா. நல்லாவா இருக்குன்னு கேட்டேன். முன்பக்கம் ஹூக் வெச்ச ஜாக்கெட் தெச்சு வாங்கிக்கிட்டா. அந்தப் பிரச்சினை தீர்ந்துச்சு. ஆனா முடி இருக்கே. இடுப்புக்குக் கீழ தொங்கும் சார். கல்யாணத்தப்போ பார்த்தவங்க எல்லாம் அதைத்தான் பேசினாங்க. எங்கம்மா அந்த முடியைப் பார்த்துத்தான் தட்டு மாத்தினது.

ஒரு நாள் சாயங்காலம். ஏழு மணி நியூஸ் ஓடிக்கிட்டிருக்கு. சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டு வந்து என் நாற்காலிக்குக் கீழ தரையில உட்கார்ந்தா. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. "மூணு நாளாச் சிக்கு விழுந்து கிடக்குதுங்க. பின்ன வராட்டிப் பரவாயில்ல, சும்மா வாரி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு விடுங்க, போதும்"னா.

நான் என்ன சார் பண்ணுவேன்? வாசக் கதவு திறந்து கிடக்கு. தெருவுல போறவன் வர்றவன் எல்லாம் ஒரு காலத்துல என் மேசை முன்னாடி கை கட்டி நின்னவன். "அஞ்சு பிர்க்கா பார்த்தவன்டி நான். உன் சடையைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணுமா?"ன்னேன்.

"கதவைச் சாத்திட்டு வரட்டுமா?"ன்னா.

"ஒண்ணும் வேணாம். உன் பல்லியை ஏறச் சொல்லு, அது உன் தலை வரைக்கும் ஏறுதான்னு பார்ப்போம்"னேன். வேடிக்கைக்குத்தான் சொன்னேன். அவ எழுந்துக்கல. நியூஸ் முடியிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தா. விளையாட்டுச் செய்தி, வானிலை எல்லாம் முடிஞ்சது. அப்புறம் சீப்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அழுதாளான்னு கேக்கறீங்களா? தெரியல சார். அவ முதுகுதானே எனக்குத் தெரிஞ்சது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வெளிய போனவ ஒரு மணிக்குத் திரும்பி வர்றா. கழுத்தோட வெட்டியிருக்கா சார்! கழுத்தோட! பியூட்டி பார்லர்ல போய். வெட்டின முடியைச் சடையாக் கட்டி ஒரு மஞ்சப்பையில கையோட கொண்டு வந்திருக்கா. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எந்தப் பொம்பளை இப்படிச் செய்வா?  என்னடி இதுன்னேன். "தலை லேசா இருக்குங்க"ன்னா. அவ்வளவுதான் பதில். சோத்தைப் போட்டா, நானும் சாப்பிட்டேன். எட்டு நாள் நான் அவகூடப் பேசவே இல்ல. ஒன்பதாம் நாள் போனாப் போகுதுன்னு நானா வாயைத் திறந்து, இனிமேலாவது புத்தியா இருன்னேன். "பேசாமலா இருந்தீங்க?"ங்கிறா.

எனக்குக் கவலை என்னன்னா, வைகாசியில பேத்திக்கு முடியெடுத்துக் காது குத்து வெச்சிருந்தோம். எங்க குலதெய்வம் கருப்பர் கோயில்ல. மகன் மெட்ராஸ்லேருந்து வர்றான். மருமகள் பக்கத்துச் சம்பந்திங்க, நம்ம பங்காளிங்க, எல்லாம் கூடுற இடம். கிராப்புத் தலையோட ஆர்.ஐ. சம்சாரம் வந்து நின்னா ஆயிரம் கேள்வி வருமே. யோசிச்சேன். ஆபீஸ்ல பின்னேற்புன்னு ஒண்ணு உண்டு சார். வேலை முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும், உத்தரவு இருக்காது. அப்புறமா ஒரு உத்தரவு போட்டு அதை முறைப்படுத்திடுவோம். நான் அதையே பண்ணினேன். அந்த மஞ்சப்பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிச் சமயபுரம் போனேன். அமிர்தவல்லி பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணி, அந்த முடியை ஆத்தாளுக்குக் காணிக்கையாச் சேர்த்துட்டேன். தீர்ந்துச்சா? இனிமே அது பார்லர்ல வெட்டினது இல்ல. காணிக்கை.

எதுக்குக் காணிக்கைன்னு கேப்பாங்கள்ல? அதையும் யோசிச்சு வெச்சிருந்தேன். எனக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டினப்போ அவ வேண்டிக்கிட்டதா. புருஷன் நல்லா இருக்கணும்னு முடி குடுத்தவ. அவகிட்டச் சொல்லணும்னு தோணல. அவளுக்கு நல்ல பேரு வாங்கித் தர்றேன், இதுக்கு அவ சம்மதம் வேற வேணுமா?

காதுகுத்தன்னிக்கு நான் நினைச்ச மாதிரியே நடந்துச்சு சார். வேன்லேருந்து இறங்கினதும் அவ தலையைப் பார்த்து எல்லாரும் ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நான் ஒவ்வொருத்தரையாத் தனியாக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரத்துல சேதி பரவிடுச்சு. பொம்பளைங்க எல்லாம் அவளை ஒரு தினுசாப் பார்க்குறாங்க. என் பெரியப்பா மருமகள் அவ கால்ல விழுந்து கும்பிடுது. இவ ஒண்ணும் புரியாம முழிக்கிறா. பேத்திக்கு மொட்டை அடிச்சு, காது குத்தி முடிஞ்சது. சம்பந்தியம்மா கருப்பருக்குச் சாத்தின மாலை ஒண்ணைப் பூசாரிகிட்டக் கேட்டு வாங்கி, கொண்டு வந்து இவ கழுத்துல போட்டாங்க. அத்தனை பேரு முன்னாடி. "புருஷன் உசுருக்காகத் தலைமுடியைக் குடுத்திருக்கீங்களே சம்பந்தி, இந்த மனசு இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"னு கண்ணெல்லாம் கலங்கிச் சொல்றாங்க. எனக்கும் பெருமையாப் போச்சு சார், பொய் சொல்லல. பக்கத்துல போய் நின்னேன், போட்டோ எடுப்பாங்கன்னு.

அவ என்னைப் பார்த்தா. நான் லேசாத் தலையை ஆட்டினேன், சரின்னு சொல்லிடுன்னு. அவ வலது கையைத் தூக்கினா. நேரா, முழுசா, காதை ஒட்டி மேல வரைக்கும் போச்சு கை. பாருங்க, அன்னிக்கு மட்டும் ஏறுது! தூக்கித் தலைக்குப் பின்னால கையைக் கொண்டு போய், யார் ஒத்தாசையும் இல்லாம அந்த மாலையைக் கழட்டிச் சம்பந்தியம்மா கையில குடுத்தா. குடுத்துட்டுச் சொல்றா. கோவமாச் சொல்லியிருந்தாகூட வெயில்ல வந்த கிறுகிறுப்புன்னு நான் சமாளிச்சிருப்பேன். சாதாரணமா, கடையில புளி கேக்கிற மாதிரி சொல்றா சார்.

"நான் எந்தச் சாமிக்கும் வேண்டிக்கல சம்பந்தி. எனக்கு ஆறேழு மாசமாக் கை ஏறாம இருந்துச்சு. தலை பின்னி விட வீட்டுல ஆள் இல்ல. அதான் வெட்டிக்கிட்டேன்."

அவ்வளவுதான். நாப்பது பேரு இருக்கும் சார்.  மகன் என்னைப் பார்க்கிறான், மருமகள் தரையைப் பார்க்குது. இவ நிதானமாப் பேத்திக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு, தங்கச்சி வந்த கார்ல ஏறி உட்கார்ந்துட்டா. அன்னிக்குப் போனவதான் சார். இருபத்திமூணு நாள். நேத்து நான் மச்சினிச்சிக்குப் போன் போட்டேன். "அக்கா மாடியில இருக்கு மாமா, தெருப் பொம்பளைங்க நாலு பேருக்குக் கை ஆட்டச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கு, அப்புறமாப் பேசச் சொல்றேன்"னா. அப்புறமா யாரும் பேசல.

வந்தா வரட்டும். வந்ததும் சம்பந்திக்குப் போன் போட்டு, அன்னிக்கு ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன்னு அவ சொல்லியாகணும். அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். முடி வெட்டினதைக்கூட மன்னிச்சுடுவேன் சார், அது வளரும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால ஜீரணிக்க முடியல. ஆள் இல்லையாம். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, நான் எங்கயாவது போறேனா? சீட்டு உண்டா, கிளப்பு உண்டா, ஒரு டீக்கடை உண்டா? காலைல எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் ஹால்ல, அவ கண்ணு முன்னாடி, ஒரே நாற்காலியில உட்கார்ந்திருக்கேன் சார் நான். நீங்களே சொல்லுங்க, இவ்வளவு பெரிய மனுஷன் ஒருத்தன் வீட்டுல முழுசா உட்கார்ந்திருக்கேன், ஆள் இல்லன்னு எப்படி சார் சொல்ல வாய் வருது?